நீர்த்தெள்ளுக்கு வெயில் சுடுமா? புற ஊதாக் கதிரும் நீரில் வாழும் சிற்றுயிர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாப்னியா (நீர்த்தெள்ளு) வளர்க்கிறேன் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், அதற்கப்புறம் ஒரே மாதிரிக் கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். வெயிலில் வைக்கலாமா, யூவி (புற ஊதாக் கதிர்) விளக்கு பட்டால் செத்துவிடுமா, ஓசோன் ஓட்டைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், இப்படி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அரைகுறைப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிப் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். வரிசை பெரிதாகப் பார்க்கவில்லை.

சிற்றுயிர்கள் என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

பெரும்பாலும் ஏரியிலும் குளத்திலும் கடலிலும் மிதந்தபடி வாழும் குட்டி விலங்குகளை. டாப்னியா என்கிற நீர்த்தெள்ளு ஒன்று. இனத்தைப் பொறுத்து 1 முதல் 5 மில்லிமீட்டர் வரை இருக்கும், உடம்பு கண்ணாடி மாதிரி. லென்ஸ் வைத்துப் பார்த்தால் உள்ளே பச்சையாக ஓடும் குடலும், முதுகுப் பக்கம் நிமிடத்துக்கு 200 தடவைக்கு மேல் படபடக்கும் இதயமும், அதற்குப் பின்னால் பையில் முட்டைகளும் தெரியும். அப்புறம் கோபிபாட், நீண்ட இரண்டு உணர்கொம்புகளோடு வெட்டி வெட்டி நீந்துமே, அது. ரோட்டிஃபர் இவை இரண்டையும்விடச் சிறியது, பெரும்பாலானவை அரை மில்லிமீட்டரைத் தாண்டாது. மீன்குஞ்சு, தவளை முட்டை, பூச்சிகளின் புழுக்கள் என்று வாழ்க்கையின் தொடக்கத்தில் மட்டும் தண்ணீரில் சிறியதாக இருப்பவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் சிக்கல் ஒன்றுதான். நம் மேல் படும் புற ஊதாக் கதிர் தோலோடு நின்றுவிடும். இவற்றுக்கு இதயம், குடல், முட்டை எல்லாமே தோல்தான்.

யூவி-ஏ, யூவி-பி, யூவி-சி என்கிறார்களே, எது இவற்றைப் பாதிக்கிறது?

அலைநீளத்தை வைத்துப் பிரித்த பெயர்கள் அவை. 280 நானோமீட்டருக்குக் கீழே யூவி-சி, 280 முதல் 315 வரை யூவி-பி, 315 முதல் 400 வரை யூவி-ஏ. சூரியனின் யூவி-சி காற்று மண்டலத்தைத் தாண்டி வருவதே இல்லை, ஆகவே இயற்கை நீர்நிலைகளில் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அது விளக்குகளில் இருந்து மட்டும் வரும் விஷயம், கடைசியில் பார்ப்போம். யூவி-பி-யில் பெரும்பகுதியை ஓசோன் வடிகட்டிவிடுகிறது. தரைக்கு வரும் புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ 95 சதவீதம் யூவி-ஏ, மீதிதான் யூவி-பி. ஆனால் அந்த மீதிதான் ஒளித்துகள் ஒன்றுக்கு ஒன்று என்று பார்த்தால் பலமடங்கு கொடியது.

அதற்காக யூவி-ஏ சாது என்று நினைத்துவிட வேண்டாம். அளவிலும் அதிகம், தண்ணீருக்குள் ஆழமாகவும் போகும். அதே சமயம் இந்த உயிர்கள் தங்கள் காயத்தை ஆற்றிக்கொள்ளத் தேவைப்படுவதும் அதே யூவி-ஏ-தான். இந்த இரட்டை வேடத்தைக் கீழே விளக்குகிறேன், எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதியே அதுதான்.

தண்ணீருக்கு அடியில்தானே இருக்கின்றன, தண்ணீரே தடுத்துவிடாதா?

சுத்தமான தண்ணீர் பெரிதாக ஒன்றும் தடுக்காது. மிகத் தெளிவான நடுக்கடல் நீரில் யூவி-பி 20 மீட்டருக்கும் கீழே வரை அளக்கும் அளவில் போகிறது, தெளிந்த மலை ஏரிகளில் 10 மீட்டர் தாண்டும். அதே கதிர் காட்டுக்குள் இருக்கும் ஒரு பழுப்புக் குளத்தில் ஒரு சாண் ஆழம்கூடப் போகாமல் நின்றுவிடும். வெயில் இரண்டிலும் ஒன்றுதான்.

வித்தியாசம் செய்வது இலை, தழை, சேற்று மண் எல்லாம் ஊறி இறங்கும் சாறு. இலைச்சருகை ஒரு வாளி தண்ணீரில் நாலு நாள் போட்டுவைத்தால் தேயிலைத் தண்ணீர் நிறத்துக்கு வருமே, அதே சாறுதான். கரைந்த கரிமப் பொருள் என்பது அதன் முறையான பெயர். புற ஊதாக் கதிரை அது உறிஞ்சுவது போல வேறு எதுவும் உறிஞ்சுவதில்லை; பச்சைப் பாசிகூட அதற்கு அடுத்தபடிதான். லிட்டருக்கு 1 அல்லது 2 மில்லிகிராமுக்குக் கீழே இது குறைந்துவிட்டால், கதிர் இறங்கும் ஆழம் சடாரென்று கூடுகிறது. அந்த இடத்தில் கொஞ்சம் குறைந்தாலும் பெரிய வித்தியாசம்.

அதனால்தான் ஓர் ஏரியில் உள்ளவை யூவி-யால் கஷ்டப்படுமா என்று யாராவது கேட்டால், அங்கே வெயில் எப்படி என்று நான் திருப்பிக் கேட்பதில்லை. தண்ணீர் என்ன நிறம் என்றுதான் கேட்பேன்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. அந்தப் பழுப்பு நிறத்தையே வெயில் மெல்ல வெளுத்துவிடும். மழை குறைந்து, கரையிலிருந்து புதுச் சாறு வருவது நின்று, இருக்கிற தண்ணீர் ஏரியிலேயே நீண்ட காலம் தேங்கினால் நிறம் வெளிறி, கதிர் இன்னும் ஆழமாக இறங்கும். கனடாவின் ஏரிகளைப் பல ஆண்டுகள் கவனித்த டேவிட் ஷிண்ட்லரும் அவருடைய குழுவும் 1996-இல் சொன்னது இதைத்தான்: வெப்பமயமாதலாலும் அமில மழையாலும் ஏரிகளின் கரிமச் சாறு குறைவது, ஓசோன் குறைவதைவிட அதிகமாக யூவி-யை உள்ளே விடக்கூடும். எல்லோரும் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர்கள் தண்ணீரைக் குனிந்து பார்த்தார்கள். அப்புறம் அமில மழை குறைந்த பிறகு வடக்கு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் வடகிழக்கிலும் பல ஏரிகள் எதிர்த்திசையில் பழுப்பேறி வருகின்றன, அங்கே யூவி உள்ளே போவது குறைகிறது.

உடம்புக்குள் அப்படி என்னதான் ஆகிறது?

முக்கியமான அடி டி.என்.ஏ.வுக்கு. டி.என்.ஏ. ஏணியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தைமின் எழுத்துகள் இருந்தால், யூவி-பி பட்டதும் அவை தங்களுக்குள் ஒட்டிக்கொள்கின்றன. ஜிப்பில் அடுத்தடுத்த இரண்டு பற்கள் ஒன்றாக உருகிப்போன மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். செல் பிரியும்போதோ புரதம் செய்யும்போதோ அந்த இடத்துக்கு வந்ததும் இயந்திரம் நின்றுவிடும், இல்லை தப்பாகப் படித்துவிட்டுப் போகும்.

இரண்டாவது அடி சுற்றுவழியில் வருகிறது. யூவி-ஏ பெரும்பாலும் டி.என்.ஏ.வை நேரடியாகத் தொடுவதில்லை, செல்லுக்குள் இருக்கும் மற்ற மூலக்கூறுகளைக் கிளர்ந்தெழச் செய்கிறது, அவை ஆக்சிஜனை வெறிபிடித்த வடிவத்துக்கு மாற்றுகின்றன. அது கொழுப்புச் சவ்வு, புரதம் என்று கண்டதையெல்லாம் கடிக்கிறது. செல் பிரிவது எங்கே அதிகமோ அங்கே பாதிப்பும் அதிகம் என்பதால் முட்டைகளும் குஞ்சுகளும்தான் முதலில் மாட்டுகின்றன.

வெயில் பட்டதும் உடனே செத்துவிடுமா?

இல்லை, அதுதான் ஆளை ஏமாற்றும். நான் ஒருமுறை இரண்டு வெள்ளைத் தட்டுகளில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, டாப்னியாக்களைப் பிரித்துப் போட்டு, திறந்த வெளியில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டேன். ஒரு தட்டில் மட்டும் தூசி விழ வேண்டாம் என்று ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றை மூடியிருந்தேன். சாயங்காலம் பார்த்தால் இரண்டிலும் எல்லாம் துள்ளிக்கொண்டிருந்தன, சரி, ஒன்றும் ஆகவில்லை என்று உள்ளே எடுத்து வைத்தேன். மறுநாள் திறந்த தட்டில் இருந்தவை அடியில் இறங்கி, ஒரே இடத்தில் சுழன்றன. அதற்கடுத்த நாள் பாதிக்கு மேல் அடியில் வெள்ளையாகக் கிடந்தன, உயிரோடு இருந்தவற்றின் முட்டைப்பை காலியாக இருந்தது. கண்ணாடி மூடிய தட்டு அதைவிடச் சூடாக இருந்திருக்க வேண்டும், ஆனால் அதில் இருந்தவை சட்டை கழற்றி, குட்டி போட்டு, தம் பாட்டுக்கு இருந்தன.

சாதாரண ஜன்னல் கண்ணாடி யூவி-பி-யில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும், யூவி-ஏ-யை விட்டுவிடும். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. டி.என்.ஏ. காயம் உடனே கொல்லாது. அடுத்தமுறை செல் பிரியும்போது, சட்டை மாற்றும்போது, முட்டை வளரும்போதுதான் கணக்குத் தீர்க்கும். அதனால் பரிசோதனை செய்பவர்கள் வெயில் காட்டி முடித்த பிறகும் பல நாட்கள் காத்திருந்துதான் எண்ணுவார்கள்.

அப்படியானால் இத்தனை கோடி ஆண்டுகளாக எப்படிப் பிழைத்திருக்கின்றன?

ஓடி ஒளிவது, குடை பிடிப்பது, தைத்துக்கொள்வது. இந்த மூன்றையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்துதான் ஒவ்வோர் இனமும் காலத்தை ஓட்டுகிறது.

ஓடி ஒளிவது என்றால் பகலில் ஆழத்துக்கு இறங்கி, இரவில் உணவுக்கு மேலே வருவது. உலகில் எடைக்கணக்கில் மிகப் பெரிய விலங்கு இடப்பெயர்ச்சி தினமும் நடக்கும் இந்த ஏற்ற இறக்கம்தான். மீனுக்குப் பயந்து இறங்குகின்றன என்றுதான் நீண்ட காலம் விளக்கம் சொன்னார்கள், அது பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் மீனே இல்லாத தெளிந்த ஏரிகளிலும் இறங்குகின்றனவே, அங்கே துரத்துவது யூவி. கலங்கிய ஏரியில் மீன் பயம், தெளிந்த ஏரியில் வெயில் பயம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம்.

குடை என்பது நிறமி. ஆர்க்டிக் பகுதியின் ஆழமில்லாத தெளிந்த குட்டைகளில் இருக்கும் டாப்னியாக்கள் முதுகு கறுத்து இருக்கும், மெலனின், நம் தோலில் இருக்கிற அதே பொருள்தான். ஒளிய ஆழம் இல்லாததால் அவற்றுக்கு வேறு வழி இல்லை. பக்கத்திலேயே பழுப்புத் தண்ணீர்க் குட்டை இருந்தால் அதில் கண்ணாடி உடம்போடு திரியும். கறுப்புக்குச் செலவு உண்டு: டாப்னியா சில நாட்களுக்கு ஒருமுறை சட்டை கழற்றும், கழற்றிய சட்டையோடு மெலனினும் போய்விடும், ஒவ்வொரு தடவையும் புதிதாகச் செய்ய வேண்டும். கறுத்தவை வெயில் இல்லாத இடத்தில் வெளுத்தவற்றைவிட மெதுவாகத்தான் வளர்கின்றன.

கோபிபாட்டுகள் வேறு வழி. மைக்கோஸ்போரின் போன்ற அமினோ அமிலங்கள் என்று ஒரு கூட்டம் உண்டு, நிறமே தெரியாது, ஆனால் 310 முதல் 360 நானோமீட்டர் வரை உள்ள கதிரை அப்படியே விழுங்கும். விலங்கு உடம்பால் இவற்றைச் செய்ய முடியாது, பாசியைத் தின்றுதான் சேர்க்க முடியும். கோபிபாட் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதே பாசியைத் தின்னும் டாப்னியாவுக்கு ஏனோ அந்தத் திறமை இல்லை.

மூன்றாவது தையல். இதற்குத் தனிக் கேள்வியே வேண்டும்.

வெயிலே வெயில் காயத்தை ஆற்றுமா? கேட்கவே விநோதமாக இருக்கிறதே?

விநோதம்தான், ஆனால் உண்மை. 1949-இல் ஆல்பர்ட் கெல்னர் என்பவர் புற ஊதாக் கதிரால் அடிபட்ட நுண்ணுயிர்கள் எப்படி மீள்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை நிறையப் பிழைக்கும், இன்னொரு தடவை கொஞ்சம்தான், காரணம் பிடிபடவில்லை. வெப்பநிலைதான் குழப்புகிறது என்று சந்தேகப்பட்டு அதைச் சரிசெய்துகொண்டே போனார். கடைசியில் பார்த்தால் எந்தக் குடுவை மீது வெளிச்சம் பட்டது என்பதுதான் வித்தியாசம். அதே ஆண்டில் ரெனாட்டோ டல்பெக்கோவும் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களில் இதையே கண்டார்.

வேலை செய்வது ஃபோட்டோலையேஸ் என்னும் நொதி. ஒட்டிக்கொண்ட இரண்டு தைமின்கள் இருக்கும் இடத்தைத் தேடிப் பிடித்து அமர்ந்துகொள்ளும், நீல ஒளியோ யூவி-ஏ-யோ ஒரு துளி வந்து விழும் வரை காத்திருக்கும், விழுந்ததும் அந்தச் சக்தியை வைத்தே ஒட்டை அறுத்துவிடும். எதையும் வெட்டி எடுக்க வேண்டாம், புதிதாக எழுத வேண்டாம். இந்த நொதி எப்படி வேலை செய்கிறது என்று பல ஆண்டுகள் துருவிய அஸீஸ் சன்ஜார், டி.என்.ஏ. பழுதுபார்ப்பு ஆய்வுக்காக 2015-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இதில் நமக்குப் பொறாமைப்பட இடம் உண்டு, மனிதன் உட்பட நஞ்சுக்கொடி உள்ள பாலூட்டிகளிடம் இந்த நொதி இல்லை. நம்மிடம் இருப்பது காயம்பட்ட துண்டை வெட்டியெடுத்துப் புதிதாக ஒட்டும் இன்னொரு முறை; வெளிச்சம் தேவைப்படாது, ஆனால் செலவும் நேரமும் அதிகம். சிற்றுயிர்களிடம் அதுவும் உண்டு.

டாப்னியாவில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். ஒரே அளவு யூவி-பி கொடுத்துவிட்டு ஒரு கூட்டத்தை வெளிச்சத்திலும் இன்னொன்றை இருட்டிலும் விட்டால், இருட்டில் இருப்பவை அதிகமாகச் சாகின்றன. பாவம் பார்த்து இருட்டில் எடுத்து வைப்பது உதவி இல்லை.

டாப்னியாவுக்குப் புற ஊதாக் கதிர் கண்ணுக்குத் தெரியுமா?

தெரியும். அதற்கு ஒரே ஒரு கூட்டுக்கண், அதில் 22 சின்னக் கண்கள். டாப்னியா மாக்னாவின் கண்ணில் நாலு வகை ஒளியுணரிகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்று 348 நானோமீட்டரை ஒட்டி, அதாவது யூவி-ஏ-வுக்குள். சோதனைக் குழாயில் விட்டு மேலிருந்து சாதாரண வெளிச்சம் காட்டினால் மேலே வரும், யூவி காட்டினால் கீழே ஓடும். யூவி-பி-யை நேரடியாகப் பார்த்துப் பயப்படுவதில்லை என்பதைக் கவனியுங்கள், யூவி-ஏ எங்கே அதிகமோ அங்கே யூவி-பி-யும் இருக்கும் என்ற இயற்கையின் வழக்கத்தை நம்பியே ஓடுகிறது.

சில ஏரிகளில் கோபிபாட் ஆரஞ்சு, சிவப்பு நிறத்தில் இருப்பது ஏன்?

அது கரோட்டினாய்டு, முக்கியமாக அஸ்டாசாந்தின். மூலப்பொருள் பாசியிலிருந்து வருகிறது. இது குடை இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன், புற ஊதாக் கதிரைப் பெரிதாக மறைக்காது. நான் மேலே சொன்ன வெறிபிடித்த ஆக்சிஜனை அடக்கும் வேலையைத்தான் செய்கிறது.

பிரச்சினை என்னவென்றால், சிவப்பாக இருந்தால் மீனின் கண்ணில் உடனே படும். வெளுத்தால் வெயில், சிவந்தால் மீன். ஸ்வீடனைச் சேர்ந்த லார்ஸ்-ஆண்டர்ஸ் ஹான்சன் இதைக் கிளறிப் பார்த்தார். கோபிபாட்டுகளை மீனின் வாசனை இருக்கும் தண்ணீரில் விட்டால் நிறத்தைக் குறைக்கின்றன, யூவி காட்டினால் கூட்டுகின்றன, தலைமுறை மாறக் காத்திராமல் அதே உடம்பிலேயே. டாப்னியாவிலும் இதே இழுபறி உண்டு. அமெரிக்காவின் சியரா நெவாடா மலை ஏரிகளில் 20ஆம் நூற்றாண்டில் மனிதர்கள் மீன் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே இருந்த கறுப்பு டாப்னியாக்கள், மீன் வந்த ஏரிகளில் மட்டும் வெளுத்துப்போயின. வெயில் அப்படியேதான் இருந்தது, ஆனால் வெயில் நாளைக்குக் கொல்லும், மீன் இன்றைக்கே கொல்லும்.

மேகமூட்டமாக இருந்தால் பயமில்லையா?

மெல்லிய மேகம் யூவி-யை அவ்வளவாகத் தடுக்காது. கறுத்துத் திரண்டிருந்தால் நன்றாகவே குறையும்.

உயரமான மலை ஏரிகளில் நிலைமை மோசமா?

மோசம்தான், ஆனால் உயரம் ஒன்றே காரணம் இல்லை. 1000 மீட்டர் ஏறினால் யூவி-பி சுமார் 10 சதவீதமோ அதற்குக் கொஞ்சம் மேலோ கூடும். அதைவிடப் பெரிய விஷயம், மரம் வளராத உயரத்தில் கரையில் மண்ணும் இலையும் இல்லை, சாறு இல்லை, தண்ணீர் ஸ்படிகம் மாதிரி. கூடவே குளிர். டி.என்.ஏ.வில் காயம் விழுவது வெறும் ஒளி வேலை, குளிர் அதைத் தடுக்காது. தைக்கும் வேலை நொதியுடையது, குளிரில் மந்தமாகிவிடும். பனிக்கட்டி உருகி முடிந்த சமயம் ரொம்ப ஆபத்தானது. அதுவரை பனிப்போர்வை மூடியிருந்த ஏரியின் மேல் கோடையை நெருங்கும் சூரியன் திடீரென்று நேராக விழுகிறது, தண்ணீரோ இன்னும் சில்லென்று இருக்கிறது. ஆல்ப்ஸ் ஏரிகளில் கோபிபாட்டுகள் கண்ணுக்குத் தெரியாத அந்தக் குடை அமிலங்களை ஏராளமாகச் சேர்த்து வைத்திருப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஓசோன் ஓட்டை மூடிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

அன்டார்க்டிகாவின் மேல் ஓசோன் மெலிவதை ஜோ ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் ஷாங்க்ளின் மூவரும் 1985-இல் வெளியிட்டார்கள், ஓசோனை அழிக்கும் ரசாயனங்களைக் கட்டுப்படுத்த 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. இப்போது படலம் மெல்லத் தேறிவருகிறது. 2022 மதிப்பீட்டின்படி பெரும்பாலான பகுதிகளில் 2040 வாக்கிலும் அன்டார்க்டிகாவில் 2066 வாக்கிலும் 1980-இல் இருந்த நிலைக்குத் திரும்பும். நல்ல செய்திதான். ஆனால் ஒரு குறிப்பிட்ட ஏரியில் உள்ள டாப்னியாவுக்கு, பக்கத்துக் காட்டிலிருந்து எவ்வளவு சாறு வருகிறது என்பது அதைவிடப் பெரிய செய்தியாக இருக்கலாம். ஓசோன் நன்றாக இருந்த காலத்திலேயே யூவி இருந்தது, சிற்றுயிர்கள் கறுத்தும் சிவந்தும் ஆழத்தில் ஒளிந்தும்தான் வாழ்ந்தன.

அப்போ யூவி முழுக்கக் கெட்டதுதானே?

யாருக்கு என்று கேட்க வேண்டும். டாப்னியாவைத் தாக்கும் மெட்ஷ்னிகோவியா என்ற பூஞ்சை ஒன்று உண்டு. ஊசி மாதிரி இருக்கும் அதன் வித்துகளை டாப்னியா விழுங்கினால் அவை குடலைக் குத்திக்கொண்டு உடம்புக்குள் நுழைந்து நிறையும், கண்ணாடி உடம்பு பால் நிறமாகிவிடும். அந்த வித்துகளுக்கு வெயில் டாப்னியாவுக்கு ஆகாததைவிட அதிகமாக ஆகாது. தெளிந்த ஏரிகளில் வெயில் உச்சத்தில் இருக்கும்போது நோய் அடங்கியிருந்து, இலையுதிர் காலத்தில் வெயில் இறங்கியதும் கிளம்புவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொன்று, 1994-இல் கனடாவில் மேக்ஸ் பாத்வெல் குழு செய்தது. ஆழமில்லாத செயற்கை ஓடைகளில் ஆற்றுத் தண்ணீர் விட்டு, சிலவற்றில் யூவி-பி படவிட்டு, சிலவற்றில் தடுத்துப் பாசி எப்படி வளர்கிறது என்று பார்த்தார்கள். முதல் சில வாரங்கள் எதிர்பார்த்த மாதிரியே யூவி பட்ட இடத்தில் பாசி குறைவு. அப்புறம் தலைகீழாகிவிட்டது, யூவி பட்ட இடத்தில்தான் பாசி அதிகம். காரணம், பாசியை மேயும் கைரோனமிட் (கொசு மாதிரி இருக்கும், கடிக்காத பூச்சி) புழுக்கள் பாசியைவிட யூவி-க்கு அதிகம் நோஞ்சான்கள். மேய ஆளில்லாமல் பாசி கொழுத்துவிட்டது. பாசியைத் தனியாகக் கண்ணாடிக் குடுவையில் வைத்து ஒரு வாரம் சோதித்திருந்தால் நேர் எதிரான முடிவை எழுதியிருப்பார்கள். ஒரே இனத்தை மட்டும் சோதித்துவிட்டு ஏரியைப் பற்றித் தீர்ப்பு எழுதும் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் புழுக்கள் ஞாபகத்துக்கு வரும்.

மாசுபட்ட தண்ணீரில் யூவி இன்னும் ஆபத்தா?

சில மாசுகளில் பயங்கர ஆபத்து, இது பலருக்குத் தெரிவதில்லை. கச்சா எண்ணெயிலும் புகைக்கரியிலும் ஆந்த்ரசீன் போன்ற வளையச் சேர்மங்கள் உண்டு. இருட்டில் இவற்றால் பெரிய தொல்லை இல்லை என்ற அளவுகூட, வெயில் பட்டால் விஷமாகிவிடும். சேர்மம் முதலில் உடம்புக்குள் புகுந்து தங்குகிறது, பிறகு யூவி-யை உறிஞ்சி அந்தச் சக்தியை ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது, உடம்பு உள்ளிருந்தே எரிகிறது. கண்ணாடி உடம்பு இருப்பவற்றுக்குத்தான் இதில் முதல் அடி.

1983-இல் வெளிவந்த ஒரு பரிசோதனையில் ஆந்த்ரசீன் கலந்த தண்ணீரில் இருந்த மீன்களில் வெயில் பட்டவை செத்தன, நிழலில் இருந்தவை பிழைத்தன. 2007-இல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் காஸ்கோ பூசான் கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டியபோது, கரையோர ஆழமற்ற நீரில் ஹெர்ரிங் மீன் முட்டைகள் எதிர்பார்த்ததைவிட மிக மோசமாகச் செத்ததற்கும் வெயிலும் எண்ணெயும் சேர்ந்த இந்தக் கூட்டணியையே காரணமாகச் சொன்னார்கள். ஆய்வுக்கூடக் குழல் விளக்கின் கீழ் மட்டும் சோதித்துவிட்டு ஒரு பொருளுக்கு இவ்வளவு வரை பாதுகாப்பு என்று எழுதுவதை நான் நம்புவதில்லை.

தவளை முட்டைகள்?

1994-இல் அமெரிக்காவின் ஓரிகனில் ஆண்ட்ரூ பிளாஸ்டீன் குழு சில தவளை, தேரை இனங்களின் முட்டைகளில் ஃபோட்டோலையேஸ் எவ்வளவு என்று அளந்தது. இனத்துக்கு இனம் பெரிய வித்தியாசம். நொதி குறைவாக இருந்த இனங்களின் முட்டைகள் திறந்த வெயிலில் அதிகம் அழிந்தன. தவளைகள் குறைந்துவருவதற்கு யூவி-யே காரணம் என்று அப்போது பலர் எழுதினார்கள். பிறகு மற்றவர்கள் போய்த் தண்ணீரை அளந்தபோது, அந்தக் குளங்களில் பெரும்பாலானவை முட்டையைக் காக்கும் அளவுக்குப் பழுப்பாக இருந்தன. மறுபடியும் அதே சாறு.

நீர்க்கரடி என்கிற எட்டுக்கால் நுண்விலங்கை எதுவும் ஒன்றும் செய்யாதாமே?

கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்கள், எல்லா இனமும் அப்படி இல்லை. ஆனால் பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்தில் பாசி படர்ந்த சுவரில் கிடைத்த பாராமேக்ரோபயோட்டஸ் இனம் ஒன்று கிருமிகொல்லி விளக்கின் யூவி-யையே தாங்கியது என்று 2020-இல் எழுதினார்கள். அதன் உடம்பில் உள்ள ஒரு பொருள் புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு நீல ஒளியாகத் திருப்பி விடுகிறது, விளக்கின் கீழ் நீலமாக ஒளிர்கிறது. அந்தச் சாற்றை எடுத்து, தாங்காத இன்னொரு நீர்க்கரடி இனத்தின் மேல் பூசிப் பார்த்தார்கள், அதற்கும் ஓரளவு தாங்கும் சக்தி வந்தது.

மீன்தொட்டியில் யூவி ஸ்டெரிலைசர் வைத்திருக்கிறேன், டாப்னியா செத்துவிடுமா?

அதன் விளக்குக் குழாய்க்குள் போனால் சாகும், போகாதவை பிழைக்கும். அது 254 நானோமீட்டர் யூவி-சி, டி.என்.ஏ. மிக நன்றாக உறிஞ்சும் இடத்துக்கு மிக அருகில். ஒளி அந்தக் கூட்டுக்குள்ளேயே அடைபட்டிருப்பதால் தொட்டியில் இருப்பவை மேல் படாது. உயிர் உணவாக டாப்னியா விடுகிறீர்கள் என்றால் மீன் தின்று முடிக்கும் வரை பம்பை நிறுத்துங்கள், எப்படியும் பாதி பம்பில்தான் அரைபடும். கூட்டைத் திறந்து எரியும் விளக்கை மட்டும் பார்க்க வேண்டாம், கண்ணைக் காயப்படுத்திவிடும்.

டாப்னியா வளர்க்கும் தொட்டியை வெயிலில் வைக்கலாமா?

பச்சைத் தண்ணீரோ பழுப்புத் தண்ணீரோ, ஒரு முழம் ஆழம், பாதிக்கு நிழல் என்றால் தாராளமாக வைக்கலாம். வெயில் உச்சிக்கு வந்ததும் கீழே இறங்கிவிடும், பாசியும் நன்றாக வளரும். செய்யக் கூடாதது தெளிந்த தண்ணீர், ஆழமில்லாத தட்டு, வெள்ளை அடிப்பாகம் மூன்றையும் ஒன்றாகச் சேர்ப்பது. ஒளிய இடமும் இல்லை, மறைக்க நிறமும் இல்லை, நான் செய்த அதே தப்பு. வீட்டுக்குள் விளக்கின் கீழேயே பல தலைமுறை வளர்ந்தவற்றை ஒரே நாளில் வெளியே தூக்கி வைக்காதீர்கள், முதல் இரண்டு வாரம் மேலே ஒரு கண்ணாடிப் பலகை போட்டு வையுங்கள். இறந்தவற்றை எண்ணுவதாக இருந்தால் அன்று சாயங்காலம் எண்ணாதீர்கள், மூன்றாம் நாள் காலையில் எண்ணுங்கள்.